கிரைண்டரில் வயர் பிரஷ்: கம்பி தெறிக்குது, கிரில்லில் மாட்டி எகிறுது. சரியான முறை என்ன?

கோவை_ஷெட்

வணக்கம். வீட்டுக்குப் பின்னாடி பத்துக்கு எட்டடி ஷெட், கான்கிரீட் தரை, ஒரே கதவு. இருக்கிற சாமான்: 4 இன்ச் ஆங்கிள் கிரைண்டர் (11,000 ஆர்.பி.எம்., அதாவது நிமிஷத்துக்கு அத்தனை சுற்று; ஸ்லைடு சுவிட்ச்), 6 இன்ச் பெஞ்ச் கிரைண்டர் (2,880 ஆர்.பி.எம்.), ஒரு 10 மி.மீ. டிரில். கிரைண்டருக்கு 75 மி.மீ. கப் பிரஷ் இரண்டு. ஒன்று கம்பியைக் கயிறு மாதிரி முறுக்கிக் கட்டின ட்விஸ்ட் பிரஷ், இன்னொன்று நெளிநெளியா விட்ட கிரிம்ப் பிரஷ். பெஞ்ச் கிரைண்டரின் ஒரு பக்கம் 150 மி.மீ. வயர் வீல்.

வேலை: 1980களில் செஞ்ச இரும்பு கேட் ஒன்று, 10 மி.மீ. சதுரக் கம்பியில் செஞ்ச ஜன்னல் கிரில் நாலு, பழைய ஸ்கூட்டரின் சில்லறைச் சாமான்கள் (பிராக்கெட், போல்ட், ஸ்பிரிங், செயின், பிரேக் டிரம்). எல்லாத்திலும் துருவும் பெயின்ட்டும் எடுக்கணும்.

கிரிம்ப் பிரஷில் பத்து நிமிஷம் ஓட்டினாலே சட்டை முன்பக்கம் முழுக்கக் கம்பி குத்தி நிற்குது. இது சாதாரணமா, இல்லை பிரஷ் மட்டமா? கண்ணாடி மட்டும் போதுமா, முகத்துக்கும் வேணுமா? கையுறை கட்டாயம்னு பாதிப்பேர், போடவே கூடாதுன்னு பாதிப்பேர் சொல்றாங்க, எது சரி? கிரில் கம்பிகளுக்கு நடுவில் கப் பிரஷ் போனதும் கிரைண்டர் கையைத் திருகிட்டு எகிறுது. பிடிக்கிற முறை தப்பா?

"ஜாக்கிரதையா செய்யுங்க" என்பதோடு நிறுத்தாமல் அளவோடு சொன்னால் உதவியா இருக்கும்.

மரை_மேஸ்திரி

முதலில் அந்தக் கிரிம்ப் பிரஷைத் திருப்பிப் பாருங்கள். அதன் மேல் அதிகபட்ச ஆர்.பி.எம். அச்சாகியிருக்கும். டிரில்லுக்கென்று விற்கும் பிரஷ்களில் 4,500 என்று போட்டிருப்பது வழக்கம். அதை எம் 10 (10 மி.மீ.) மரையோ அடாப்டரோ வைத்து 11,000 சுற்றும் கிரைண்டரில் மாட்டினால், சுற்று இரண்டரை மடங்குக்குச் சற்றுக் குறைவு. ஆனால் கம்பியைப் பிடுங்கி வெளியே இழுக்கும் விசை சுற்றின் வர்க்கமாக ஏறும். ஏறக்குறைய 6 மடங்கு. கம்பி உதிர்வதோடு நிற்காது, கப்பின் தகடே விரியலாம். எண்ணே அச்சடிக்காத பிரஷ் என்றால் கிரைண்டரில் ஏற்றாதீர்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

வேகத்தைக் கணக்காகச் சொல்கிறேன். 75 மி.மீ. கப் பிரஷ் 11,000 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு நொடிக்கு 43 மீட்டர் போகிறது, அதாவது மணிக்கு 155 கிலோமீட்டர். உங்கள் பெஞ்ச் கிரைண்டரின் 150 மி.மீ. வீல் நொடிக்கு 22 மீட்டர் சொச்சம், மணிக்கு 80 கிலோமீட்டர். ஒடிந்த கம்பி அந்த வேகத்தில்தான் கிளம்புகிறது. ஊசி மாதிரி முனை வேறு.

இனி, ஏன் ஒடிகிறது. கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் நாலு தடவை மடக்கினால் ஒடியுமே, அதே சங்கதி. வயர் பிரஷில் வேலை செய்ய வேண்டியது கம்பியின் நுனி. நுனி துருவைக் கொத்திவிட்டு நகர வேண்டும். அழுத்தினால் கம்பி படுத்துக்கொள்ளும், பக்கவாட்டு மட்டும் உரசும், வெட்டாது. வெட்டாததால் இன்னும் அழுத்துவோம். கப் பிரஷைச் சாய்த்து வைத்து அழுத்தினால் ஒவ்வொரு கம்பியும் சுற்றுக்கு ஒரு தடவை மடங்கி நிமிரும். 11,000 சுற்றுக்கு அது நொடிக்கு 183 தடவை. வேரில் களைத்துப்போய் ஒடியும். ஆகவே பத்து நிமிஷத்தில் சட்டை நிறையக் கம்பி என்றால் மூன்றில் ஒன்று: சுற்று அதிகம், அழுத்தம் அதிகம், அல்லது பிரஷ் துருப்பிடித்துப் பழசாகிவிட்டது.

படுக்கைவாட்டில் இருக்கும் இரும்பில் கிரைண்டரின் சொந்த எடையே போதும். கை வழிகாட்டினால் மட்டும் போதும். மோட்டார் சத்தம் இறங்கினால் அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம், உடனே தளர்த்துங்கள். துரு போகவில்லை என்றால் அழுத்தத்தைக் கூட்டக் கூடாது. கிரிம்பிலிருந்து ட்விஸ்ட்டுக்கு மாறுங்கள். ட்விஸ்ட்டில் கம்பிகள் ஒன்றையொன்று தாங்குவதால் அதிகம் மடங்காது, தடித்த துருவையும் செதிளையும் அதுதான் எடுக்கும். கிரிம்ப் லேசான துருவுக்கும் பழைய பெயின்ட்டின் மிச்சத்துக்கும்.

மாட்டும்போது: பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாட்டுங்கள். 4 இன்ச் கிரைண்டரின் ஸ்பிண்டில் எம் 10, 5 இன்ச்சில் எம் 14. இணையத்தில் வாங்கும் பிரஷ்களில் அமெரிக்க மரையான 5/8 இன்ச் கலந்து வருகிறது. 5/8 என்பது 15.9 மி.மீ.; எம் 14 ஸ்பிண்டில் மேல் அது லொடலொட என்று ஏறி, கடைசியில் பிடித்த மாதிரி நின்றுவிடும். அப்படி ஏறிய பிரஷ் மையத்தில் ஓடாது, மரையும் வழுக்கும். சரியான மரை கையாலேயே ஆட்டமில்லாமல் கடைசிவரை ஏறும், அதன்பின் ஸ்பேனர்.

புதுப் பிரஷோ, கழற்றி மாட்டிய பிரஷோ, ஒரு நிமிஷம் சும்மா ஓடவிடுங்கள். சுழலும் தளத்துக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது. கட்டாயம் கண்ணாடியும் முகக்கவசமும் போட்டபடி. பிடிப்பில்லாத கம்பிகள் அப்போதே விழுந்துவிடும். அதற்கப்புறமும் கொத்தாக உதிர்ந்தாலோ, ஒரு முறுக்கு முழுசாகக் காணாமல் போயிருந்தாலோ, கையில் அதிர்வு தெரிந்தாலோ அந்தப் பிரஷ் குப்பைக்கு. பெஞ்ச் வீல் மட்டும் வேறு: கம்பிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து வெட்டு மழுங்கினால் வீலைக் கழற்றி முகம் மாற்றிப் போடுங்கள், மறுபடி கூர் பிடிக்கும். இடது பக்க நட்டு இடது மரை, வழக்கத்துக்கு எதிராகத் திருகினால்தான் கழலும். வீலின் ஓட்டை ஷாஃப்டைவிடப் பெரிதாக இருந்தால் அதற்குரிய புஷ் (இடைவெளியை நிரப்பும் வளையம்) போடுங்கள். காகிதமோ இன்சுலேஷன் டேப்போ சுற்றி நிரப்புவது வேலைக்காகாது, வீல் மையத்துக்கு வராது.

ஃபிட்டர்_பொன்மலை

மேலே சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நான் கிரில் விஷயத்துக்கு வரேன், ஏன்னா அதுதான் இந்தப் பட்டியல்லயே ஆபத்தான வேலை.

பிடி மட்டும் தப்பில்லைங்க, அந்த இடத்துக்கு அந்தப் பிரஷே தப்பு. 75 மி.மீ. கப் பிரஷ், கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் 100 மி.மீ. சந்து. உள்ளே போனா ஒரு பக்க விளிம்பு இந்தக் கம்பியில் மோதும், கொஞ்சம் ஆடினா எதிர்ப்பக்கம் அடுத்த கம்பியில் மோதும். ரெண்டும் எதிரெதிர்த் திசையில் தள்ளும். அதான் கை திருகுது. கிரில்லில் பூ வேலைப்பாடு, வளைவு இருந்தா இன்னும் மோசம். பிரஷோட முறுக்குக் கம்பி வளைவில் கொக்கி மாதிரி மாட்டிக்கும்.

கிரில்லுக்கு இப்படிப் பிரிச்சுக்குங்க. முகப்புப் பக்கம், அதாவது தட்டையா மேலே தெரியற பக்கத்துக்குக் கப் பிரஷ் போகலாம், கம்பியோட நீளத்துக்கே ஓட்டணும், குறுக்கே கூடாது. சந்துக்குள் இருக்கிற பக்கங்களுக்கு டிரில்லில் 6 மி.மீ. தண்டு வெச்ச 25 மி.மீ. பேனா பிரஷ், இல்லேன்னா 50 மி.மீ. சின்ன வீல். டிரில் 2,600, 2,800 சுற்றுதான் ஓடும், மாட்டினாலும் சமாளிக்கலாம். மூலை முடுக்குக்குக் கை பிரஷும் பழைய ஆக்சா பிளேடும். நேரம் பிடிக்கும். நாலு கிரில்னா ரெண்டு நாள் வெச்சுக்குங்க.

எந்த ஓரத்திலும் ஒரே விதி: பிரஷ் கம்பி இரும்பின் மேல் வந்து, ஓரத்தைத் தாண்டி வெளியே போகணும். வெளியேயிருந்து வந்து ஓரத்தில் மோதக் கூடாது. கிரைண்டர் தலையில் அம்புக்குறி போட்டிருப்பாங்க, அதைப் பார்த்துட்டு எந்தப் பக்கம் தொட்டா அம்பு ஓரத்தைவிட்டு வெளியே போகுதுன்னு ஓடறதுக்கு முன்னாடியே கையால் சுத்திப் பாருங்க. தகட்டின் கடைசி 2 செ.மீ.க்கு வரும்போது பக்கம் மாறி நின்னு தொடறது பழகிடும்.

பக்கக் கைப்பிடி கட்டாயம். கார்டு (பிரஷை மறைக்கிற காப்புத் தகடு) கட்டாயம். கப் பிரஷ் கார்டில் இடிக்குதுன்னு கார்டைக் கழட்டறாங்க பலர். இடிச்சா பிரஷ் உங்க மெஷினுக்குப் பெரிசுன்னு அர்த்தம், பிரஷை மாத்துங்க. கார்டு பிரஷுக்கும் உங்க விரல், முகத்துக்கும் நடுவில் இருக்கிற மாதிரி திருப்பி வெச்சுக்குங்க. கிரில்லைத் தரையில் போட்டுக் காலால் மிதிச்சுப் பிடிக்காதீங்க. ரெண்டு ஸ்டூல் மேல வெச்சு சி கிளாம்ப் ரெண்டு போடுங்க, இடுப்பு உயரத்துக்கு வரட்டும்.

இப்ப பெஞ்ச் வீல். சாமானை மையக்கோட்டுக்குக் கொஞ்சம் கீழே, வீல் கீழ்நோக்கிப் போற இடத்தில் தொடுங்க. முனையைக் கீழே சாய்ச்சுப் பிடிங்க. மேல்நோக்கிக் காட்டினா முனை மாட்டி உங்க பக்கம் பறக்கும். வேலைத் தாங்கிக்கும் (சாமானை ஊன்றி வைக்கிற தட்டு) வீலுக்கும் இடைவெளி 3 மி.மீ.க்குள் இருக்கணும். ஓடும்போது கம்பிகள் விரியும்கறதால நிறுத்தி வெச்சு அளந்தது ஓடும்போது மாறும், அதையும் பார்த்துக்குங்க. அப்படி நெருக்கமா வைக்க முடியலைன்னா தாங்கியை முழுசாக் கழட்டிடுங்க. பாதி வழியில் ஒரு விரல் நுழையற சந்து விட்டு வைக்கிறதுதான் கெட்டது. சின்ன பிராக்கெட் உள்ளே இழுபட்டுப் போகும், கூடவே விரலும்.

போல்ட்டை விரலில் பிடிக்காதீங்க, லாக்கிங் பிளையரில் பிடிங்க. மரையைத் துலக்கும்போது ரெண்டு நட்டைப் போட்டு இறுக்கினா பிளையர் மரையைக் கடிக்காது. செயினை மட்டும் ஓடற வீலில் காட்டவே காட்டாதீங்க. ஒரு கண்ணி மாட்டினா மொத்தச் செயினும் சாட்டை மாதிரி சுத்தி வரும். ஸ்பிரிங், வளையம், மெல்லிய தகடு, கேபிள் எல்லாம் அதே ரகம். செயினை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கை பிரஷ், ஸ்பிரிங்கைக் கை பிரஷ், தகட்டை மரப்பலகையில் ஆணியோ கிளாம்ப்போ போட்டு அடக்கிட்டு டிரில் பிரஷ்.

கண்_செவிலி

கேட்டவருக்கு: கண்ணாடி மட்டும் போதாது, இரண்டும் வேண்டும். உள்ளே பக்கமும் மேலும் மூடிய பாலிகார்பனேட் கண்ணாடி, அதற்கு மேல் தாடைக்குக் கீழ் வரை வரும் முகக்கவசம். ஐ.எஸ். 5983, ஈ.என். 166, அல்லது இசட் 87 என்ற பாதுகாப்புத் தரக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய மெல்லிய பிளாஸ்டிக் தாள் கவசம் எச்சிலைத் தடுக்கத்தான், கம்பியை அல்ல. பவர் கண்ணாடியும் பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது, பக்கம் திறந்தே இருக்கும். பெஞ்ச் கிரைண்டரோடு வரும் சின்னக் கண்ணாடித் துண்டு பொறியைத் தடுக்கும், கீழிருந்து தாடை வழியாக மேலே ஏறும் கம்பியைத் தடுக்காது.

கழற்றும் நேரத்தில்தான் பலருக்குக் கண்ணில் விழுகிறது. மெஷின் முழுதாக நின்றபின், முன்னால் குனிந்து, தலையையும் புருவத்தையும் ஒரு துணியால் தட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கவசத்தைக் கழற்றுங்கள். அந்தக் கையால் கண்ணைக் கசக்க வேண்டாம்.

எதையும் மீறிக் கண்ணில் பட்டுவிட்டால்: தூசி மாதிரி உறுத்தல் என்றால் சுத்தமான தண்ணீரால் கழுவலாம். கழுவியும் உறுத்தல் இருந்தால், அல்லது கருவிழியில் புள்ளி தெரிந்தால், அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். இரும்புத் துகள் கருவிழியில் சில மணி நேரத்திலேயே துரு வளையம் போட ஆரம்பிக்கும், தள்ளிப்போட்டால் எடுப்பது கடினம். பட்டறைகளில் தீக்குச்சியாலும் துணி நுனியாலும் எடுத்துவிடும் பழக்கம் இருக்கிறது. வேண்டவே வேண்டாம். விளக்கெண்ணெய், தாய்ப்பால், மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்து, எதுவும் வேண்டாம்.

கம்பி குத்தி நிற்கிறது, அல்லது "சுரீர்" என்று ஏதோ அடித்தது, பிறகு பார்வை மங்கலாக இருக்கிறது, கண்மணி வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் இழுத்த மாதிரி இருக்கிறது என்றால், கழுவக்கூட வேண்டாம். பிடுங்கக் கூடாது, அழுத்தக் கூடாது. ஒரு காகிதக் கப்பைக் கண்ணின் மேல் கவிழ்த்து, எலும்பின் மீது மட்டும் படும்படி ஒட்டிவிட்டு, உடனே கண் மருத்துவமனை. வண்டி இல்லையென்றால் 108. அறுவை சிகிச்சை தேவைப்படலாம், வழியில் ஒன்றும் சாப்பிட வேண்டாம். வேகமாக வந்த மெல்லிய கம்பி வலியே இல்லாமல் உள்ளே போயிருக்கலாம், அதனால் "வலிக்கவில்லை, பரவாயில்லை" என்று இருந்துவிடாதீர்கள். உள்ளே தங்கிய இரும்பு மெல்ல மெல்ல விழித்திரையைக் கெடுக்கும்.

டாக்டரிடம் "வயர் பிரஷ் வேலை செய்தேன்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். பிற்காலத்தில் வேறு எதற்காக எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனாலும் கண்ணில் இரும்பு பட்டதுண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காந்தம் உள்ளே இருக்கும் துண்டை நகர்த்திவிடும்.

தோலில் குத்திய கம்பியைச் சுத்தமான இடுக்கியால், போன வழியிலேயே இழுத்து எடுத்துவிட்டு சோப்பால் கழுவுங்கள். டெட்டனஸுக்கான டி.டி. ஊசி போட்டு எத்தனை வருடம் ஆனது என்று நினைவில்லை என்றால் போட்டுக்கொள்ளுங்கள். கம்பி முழுவதும் உள்ளே போய்விட்டால் தோண்ட வேண்டாம், எக்ஸ்ரேயில் தெரியும்.

இரும்புக்கடை_வாசல்

கையுறை பத்தி யாரும் சொல்லலை. ரெண்டு கட்சியும் பாதி சரி. ஆங்கிள் கிரைண்டரில் ரெண்டு கையும் மெஷின் மேல இருக்கு, பிரஷ் பக்கத்தில் கை போறதில்லை. அங்கே விரலோட ஒட்டின, மணிக்கட்டில் இறுக்கமான தோல் கையுறை போடுங்க. பெஞ்ச் வீலில் கை சுழற்சிக்குப் பக்கத்தில் போகுது. அங்கே பின்னல் கையுறை, அதான் புள்ளி வெச்ச வெள்ளைக் கையுறை, போடவே கூடாது. ஒரு நூல் மாட்டினா விரலையும் சேர்த்து இழுத்துக்கும். பெஞ்சில் பிளையர் பிடிக்கிறப்போ வெறுங்கைதான் என் சிபாரிசு.

மரை_மேஸ்திரி

பெஞ்சிலும் ஒட்டின மெல்லிய தோல் கையுறை போடலாம் என்பது என் கருத்து, வெறுங்கை கம்பியில் பட்டால் ஒரே நொடியில் தோல் உரிந்துவிடும். ஆனால் அதுவும் சாமான் பெரிதாக, கை வீலிலிருந்து ஒரு சாணாவது தள்ளி இருக்கும்போதுதான். அதற்கு நெருக்கமாக என்றால் பிளையர், கையுறை கேள்வியே எழாது. பின்னல் கையுறை கூடாது என்பதில் முழு உடன்பாடு.

இரும்புக்கடை_வாசல்

சரி, ஒரு சாண் கணக்கு நல்லா இருக்கு, ஒத்துக்கறேன்.

உடுப்பு: லுங்கி, வேட்டி, துப்பட்டா, தொளதொள சட்டை, கைக்கயிறு, கழுத்துச் செயின், மோதிரம் எதுவும் ஆகாது. முழுக்கை பருத்திச் சட்டை, பொத்தான் போட்டது, மேல ஒரு தோல் ஏப்ரன். வெல்டிங் சாமான் விற்கிற கடையில் கிடைக்கும். தோல் ஏப்ரனைத் தாண்டிக் கம்பி லேசில் குத்தாது, வெறும் சட்டையில்தான் குத்தும். செருப்பு வேண்டாம், ஷூ. பாலியஸ்டர் துணி பொறி பட்டா உருகி ஒட்டும். காதுக்குப் பஞ்சு போதாது, நுரை அடைப்பான் சல்லிசான சமாசாரம், அதைப் போடுங்க.

ரொம்ப முக்கியமா ஒண்ணு. உங்களோடது ஸ்லைடு சுவிட்ச், முன்னாடி தள்ளி அமுக்கினா பூட்டிக்கும். வேலை நடுவில் கரண்ட் போகுது. மெஷினைக் கீழே வெச்சுட்டு நிழலில் உட்கார்றோம், சுவிட்ச் ஆனிலேயே இருக்கு. கரண்ட் வந்ததும் மெஷின் தானாக் கிளம்பித் தரையில் ஓடும், கப் பிரஷ் அதுக்கு சக்கரம் மாதிரி. அதனால கரண்ட் போன நொடியே சுவிட்சைத் தள்ளி ஆஃப் பண்ணுங்க, பிளக்கையும் பிடுங்குங்க. எம்.சி.பி. விழுந்தாலும் இதே கதைதான். புதுசா வாங்கறதுன்னா விட்டதும் நிக்கிற பேடில் சுவிட்ச், கரண்ட் வந்தாலும் தானாக் கிளம்பாத பாதுகாப்பு உள்ளதா பாருங்க.

வயர் தோள் பின்னாடி போகணும், பிரஷ் பக்கம் தொங்கக் கூடாது. ஷெட் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தா லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்) இருக்கட்டும். ஆஃப் பண்ணினப்புறம் பிரஷ் சில நொடி ஓடும், நின்னதைப் பார்த்துட்டுத்தான் கீழே வைக்கணும்.

கோவை_ஷெட்

எல்லாருக்கும் நன்றி. கிரிம்ப் பிரஷில் பார்த்தேன், 4,500 தான் போட்டிருக்கு. தூக்கி வெச்சுட்டேன், டிரில்லுக்கு மட்டும்.

கேட்டில் ஓர் இடத்தில் சுரண்டிப் பார்த்தப்போ பச்சைப் பெயின்ட்டுக்குக் கீழே நல்ல ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோட் இருக்கு. ரெட் ஆக்சைடு ப்ரைமர்தானே? வீட்டில் மூணு வயசுக் குழந்தை இருக்கு.

பெயின்ட்டர்_தூத்துக்குடி

தம்பி, அந்த இடத்தில் பிரஷ் போடுவதை இப்போதைக்கு நிறுத்துங்கள். ரெட் ஆக்சைடு செங்கல் நிறம், பழுப்புச் சிவப்பு. பளிச்சென்ற ஆரஞ்சு என்றால் ஈயச் செந்தூரம், கடையில் ரெட் லெட் என்று கேட்டு வாங்கிய ப்ரைமராக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் காலத்துக் கேட்டுகளுக்கு அதுதான் அடித்தார்கள். மேலே இருக்கும் பச்சையிலும் மஞ்சளிலும்கூட ஈயம் இருக்கலாம். வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தையது எல்லாவற்றையும் ஈயம் உள்ளதாகவே வைத்துக்கொண்டு வேலை செய்வதுதான் சரி. நிறத்தை மட்டும் வைத்து "இல்லை" என்று முடிவு கட்டக் கூடாது.

வயர் பிரஷ் ஈயப் பெயின்ட்டை மாவாக அரைத்துக் காற்றில் ஏற்றும். அது தரையிலும் துணியிலும் படிந்து, தரையில் விளையாடும் குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போகும். குழந்தையின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும், இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது. துணி மாஸ்க் எதற்கும் உதவாது. சாதாரணத் துருத் தூசிக்கு என்95 போதும். ஈயத்துக்குப் பி100 வடிகட்டி போட்ட, முகத்தோடு ஒட்டும் ரப்பர் அரைமுக மாஸ்க் வேண்டும். தாடி இருந்தால் அது ஒட்டாது.

கேட்டுக்கு நான் சொல்லும் வழி: திறந்த வெளியில், கீழே தடித்த பாலித்தீன் விரித்து, ஸ்பிரேயரால் தண்ணீர் தெளித்து நனைத்தபடி ஸ்கிரேப்பரால் சுரண்டுவது. காய விடக் கூடாது. பிடிவாதமான இடத்துக்குப் பெயின்ட் ரிமூவர். அதிலும் டின்னில் மெத்திலீன் குளோரைடு என்று போட்டிருந்தால் ஷெட்டுக்குள் வைத்து வேலை செய்யாதீர்கள். அந்த ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும், ஆளைச் சாய்க்கும். புளோ டார்ச் வைத்து எரிப்பதும் கூடாது, ஈயப் புகை வரும். பெயின்ட் எல்லாம் போய் வெறும் துரு தெரிந்தபின் ட்விஸ்ட் பிரஷ். சுரண்டியதைப் பாலித்தீனோடு சுருட்டிக் கட்டுங்கள், தோட்டத்தில் கொட்டாதீர்கள். வேலைத் துணியைத் தனியாக அலசுங்கள், குழந்தையைத் தூக்குவதற்கு முன் குளியுங்கள்.

தின்னரோ பெட்ரோலோ துடைத்த கையோடு பிரஷ் போடுவது இன்னொரு தப்பு. இரும்புக் கம்பி இரும்பில் உரசினால் பொறி வரும். துடைத்த துணியையும் ஷெட்டுக்கு வெளியே காயப் போடுங்கள்.

ஃபிட்டர்_பொன்மலை

பிரேக் டிரம்னு எழுதியிருந்தீங்க, அதைப் பெயின்ட்டர் ஐயா சொன்ன வரிசையில் சேர்த்துக்குங்க. பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம் உள்பக்கத் தூசியை ஊதறதோ வயர் பிரஷ் போடறதோ கூடாது. சோப்புத் தண்ணியில் நனைச்சுத் துணியால் துடைச்சு, துணியைப் பையில் கட்டிப் போட்டுடுங்க.

சின்னச் சாமானுக்குப் பிரஷ் தொடாமலே துரு எடுக்கலாம். ஒரு லிட்டர் தண்ணிக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பு, ஒரு ராத்திரி ஊறட்டும், காலையில் கை பிரஷ் போட்டா வந்துடும். அப்புறம் சமையல் சோடா கரைசலில் முக்கி, துடைச்சுக் காயவெச்சு, உடனே எண்ணெய் தடவணும், இல்லேன்னா ஒரு மணி நேரத்தில் மஞ்சள் துரு பூத்துடும். கால்வனைஸ் பண்ணினதை இதில் போடாதீங்க, துத்தநாகம் கரைஞ்சிடும். ஸ்பிரிங்கையும் ஹை டென்சில் போல்ட்டையும் போடாதீங்க. அமிலத்தில் வர ஹைட்ரஜன் கெட்டி எஃகுக்குள்ளே போய் அதை உடையற பதத்துக்குக் கொண்டுவரும், பின்னாடி லோடு வரும்போது படக்னு போகும்.

அலுமினியச் சாமான் இருந்தா அதுக்குத் தனி பிரஷ், ஸ்டெயின்லெஸ் கம்பியில். துரு எடுத்த பிரஷை அலுமினியத்தில் போட்டா இரும்பு ஒட்டிக் கறை பிடிக்கும். அதோட துருத் தூளும் அலுமினியத் தூளும் ஒண்ணாச் சேர்ந்து கிடந்து பொறி பட்டா அடக்க முடியாத சூட்டில் எரியும். ஒவ்வொரு வேலை முடிஞ்சதும் பெஞ்சைத் துடைச்சிடுங்க.

இரும்புக்கடை_வாசல்

தரையில் கிடக்கிற கம்பியைத் துடைப்பத்தால் கூட்டினா பாதி சிமென்ட் விரிசலில் நிக்கும். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, தரையோட ஒட்டி இழுங்க. கடைசியில் பையை உள்வெளியாத் திருப்பினா கம்பியெல்லாம் பைக்குள்ளே இருக்கும். ஸ்டெயின்லெஸ் கம்பி மட்டும் காந்தத்தில் சரியா ஒட்டாது, அதுக்கு ஈரத்துணி. ஏப்ரனில் இருக்கிறதுக்கு அகலமான பேக்கிங் டேப்பைக் கையில் மறுபக்கமாச் சுத்தி ஒத்தி எடுங்க. கம்ப்ரசர் காத்தை உடம்பு மேல அடிக்காதீங்க. குழந்தை இருக்கிற வீடு, ஷூவை ஷெட் வாசலிலேயே விட்டுடுங்க.

கோவை_ஷெட்

கடைசியா ஒண்ணு. ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி ஒரு டிம்மர் வாங்கி கிரைண்டருக்கு முன்னாடி போட்டு 4,500க்குக் குறைச்சுக்கிட்டா, தூக்கி வெச்ச கிரிம்ப் பிரஷை அதிலேயே ஓட்டலாமா?

மரை_மேஸ்திரி

வேண்டாம். டிம்மர் மின்னழுத்தத்தைத்தான் குறைக்கிறது, சுற்றைப் பிடித்து வைப்பதில்லை. இரும்பில் வைத்தால் சுற்று விழும், நீங்கள் டிம்மரைக் கூட்டுவீர்கள். எடுத்த உடனே பாரம் இல்லாததால் சுற்று தாறுமாறாக ஏறும், அப்போதுதான் 4,500ஐத் தாண்டும். மெதுவாக ஓடும்போது உள்ளே இருக்கும் விசிறியும் மெதுவாக ஓடுவதால் மோட்டார் சுடும். மெஷினிலேயே 2,800லிருந்து 11,000 வரை எண் போட்ட சக்கரமும், பாரத்திலும் சுற்றை நிலையாக வைக்கும் எலக்ட்ரானிக்ஸும் உள்ள கிரைண்டர் தனியாக விற்கிறது. அதில்கூடச் சக்கரம் தவறுதலாகத் திரும்பிவிட வாய்ப்பு இருப்பதால், மெஷினின் உச்ச வேகத்துக்கு எழுதப்பட்ட பிரஷையே மாட்டுங்கள். உங்கள் கிரிம்ப் கப்பில் 6 மி.மீ. தண்டு இருந்தால் டிரில் சக்கில் அப்படியே பிடிக்கும், 2,800 சுற்றில் கிரில்லின் முகப்புப் பக்கத்துக்கு அது போதும். எம் 10 மரை மட்டும் இருந்தால் அதற்கு டிரில் தண்டு அடாப்டர் கிடைக்கும். டிரில்லை ரிவர்ஸில் மட்டும் ஓட்டாதீர்கள், மரை கழன்று கப் தனியாகப் பறக்கும்.